எழுபது ஆண்டுக் காத்திருப்பு: கடவுளின் வேளையை நம்புதல்

விவிலியத்தில் கடவுளின் வாக்கு ஒரு நாளில் வருகிறது. அதன் நிறைவேற்றம் பெரும்பாலும் நெடுங்காலம் கழித்தே வருகிறது. ஆபிரகாம் ஆரானை விட்டுப் புறப்பட்டபோது அவருக்கு வயது 75. வாக்களிக்கப்பட்ட மகன் ஈசாக்கு பிறந்தபோது 100. யோசேப்பின் கதை தொடங்கும்போது அவருக்கு 17 வயது. அடிமையாகவும் கைதியாகவும் கிடந்து, பார்வோன் முன்னிலையில் நின்றபோது 30. மோசே மீதியான் நாட்டில் 40 ஆண்டுகளைக் கழித்த பின்பே எரிகிற முட்செடியின் முன் அழைக்கப்பட்டார். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த கடைசி மகன் தாவீதைச் சாமுவேல் அபிஷேகம் செய்தார். ஆனால் அவர் அரியணை ஏறியது 30 வயதில்தான், அதுவும் சவுலுக்குத் தப்பிக் குகைகளில் ஒளிந்து திரிந்த பிறகு.

‘கர்த்தருடைய வேளைக்குக் காத்திருங்கள்’ என்ற ஆறுதல் மொழி தமிழ்ச் சபைகளில் வேலை தேடுவோருக்கும், திருமணம் தள்ளிப்போகிறவர்களுக்கும், குழந்தைக்காக ஏங்கும் தம்பதியருக்கும், நாள்பட்ட நோயாளிகளுக்கும் சொல்லப்படுகிறது. அந்த மொழி எந்தப் பொருளில் உண்மை என்பதே இங்கு ஆராயப்படும் கேள்வி. காத்திருந்தால் கேட்டது கிடைக்கும் என்பதா? தாமதமாக வருவது பெரிதாக வரும் என்பதா? இந்தக் கேள்விக்கு விவிலியத்தில் மிக நேரடியான, மிகக் கடினமான விடை எரேமியாவின் 27 முதல் 32 வரையான அதிகாரங்களில் இருக்கிறது.

இரண்டு ஆண்டா, எழுபது ஆண்டா

கி.மு. 597-இல் பாபிலோன் அரசர் நேபுகாத்நேச்சார் எருசலேமைக் கைப்பற்றினார். இளம் அரசர் யோயாக்கீனும் அரச குடும்பத்தாரும், போர்வீரர்களும், தச்சரும் கொல்லரும் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். ஆலயப் பொருள்களும் சூறையாடப்பட்டன. சிதேக்கியா பாபிலோனுக்குக் கட்டுப்பட்ட அரசராக எருசலேமில் அமர்த்தப்பட்டார். நகரும் ஆலயமும் இன்னும் இடிக்கப்படவில்லை. ஆகவே நாடு கடத்தப்பட்டவர்களும் ஊரில் மிஞ்சியவர்களும் இந்தத் துன்பம் விரைவில் நீங்கும் என்றே எண்ணினார்கள்.

சிதேக்கியாவின் நான்காம் ஆட்சியாண்டில் கிபியோன் ஊரைச் சேர்ந்த அனனியா என்ற தீர்க்கதரிசி ஆலயத்தில் ஆசாரியர் முன்னிலையில் ஒரு செய்தியை அறிவித்தார்: இரண்டு ஆண்டுகளில் ஆலயப் பொருள்கள் திரும்பி வரும், யோயாக்கீனும் சிறைப்பட்ட எல்லாரும் திரும்பி வருவார்கள். பாபிலோனுக்கு அடங்கியிருக்க வேண்டியதன் அடையாளமாக எரேமியா தம் கழுத்தில் மர நுகத்தை மாட்டியிருந்தார். அனனியா அதைக் கழற்றி எல்லார் கண்முன்னும் உடைத்தார்.

எரேமியா அதற்கு முன்பே ‘ஆமென்’ சொல்லியிருந்தார். அனனியா சொன்னபடியே கடவுள் செய்வாராக என்று அவர் விரும்பினார். அவருக்கும் மக்கள் திரும்பி வரவேண்டும் என்பதே ஆசை. ஆனால் தம் ஆசையைக் கடவுளின் வாக்காக அறிவிக்க அவர் துணியவில்லை. நுகம் உடைக்கப்பட்டதும் வாதாடாமல் போய்விட்டார்; கடவுளிடமிருந்து சொல் வந்த பின்பே திரும்பி வந்து பேசினார். மக்கள் பொய்யை நம்பும்படி அனனியா செய்துவிட்டார் என்பதே அவர் சுமத்திய குற்றம். கேட்பவர் மனம் குளிர்ந்தாலும், கடவுள் சொல்லாத தேதியைக் கடவுள் பெயரால் அறிவிப்பது பொய்த் தீர்க்கதரிசனம் என்று இந்த அதிகாரம் தீர்ப்புக் கூறுகிறது.

அனனியாவின் செய்தியில் பெயர் சொல்லப்பட்ட யோயாக்கீனுக்கு என்ன நேர்ந்தது என்பதும் தெரியும். பாபிலோன் அரண்மனையில் அகழ்ந்தெடுக்கப்பட்ட களிமண் பலகைகளில், யூதா அரசருக்கும் அவர் மகன்கள் ஐவருக்கும் அளந்து கொடுத்த எண்ணெயின் கணக்கு இருக்கிறது. அவர் சிறையிலிருந்து விடுவிக்கப்பட்டது சிறையிருப்பின் 37-ஆம் ஆண்டில் என்று இராஜாக்களின் இரண்டாம் புத்தகம் சொல்லி முடிகிறது. விடுதலைக்குப் பின்னும் பாபிலோன் அரசரின் பந்தியிலேயே அவர் வாழ்நாள் கழிந்தது.

பாபிலோனுக்குப் போன கடிதம்

சிறைப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் 29-ஆம் அதிகாரத்தில் உள்ளது. சிதேக்கியா பாபிலோனுக்கு அனுப்பிய தூதர் கையில் அது போயிற்று. அதன் கட்டளைகள் மிக எளியவை. வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும். தோட்டம் போட்டு அதன் பலனை உண்ண வேண்டும். திருமணம் செய்து பிள்ளை பெற்று, பிள்ளைகளுக்கும் திருமணம் செய்துவைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தங்களைச் சிறைபிடித்துக் கொண்டுபோன நகரத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக வேண்டிக்கொள்ள வேண்டும்.

இதன் பிறகே, எழுபது ஆண்டுகள் நிறைவடைந்த பின்புதான் கடவுள் அவர்களைத் திரும்பக் கொண்டுவருவார் என்ற செய்தி வருகிறது. அடுத்த வசனமாகிய எரேமியா 29:11, நல்ல எதிர்காலத்தைத் தரும் எண்ணம் கடவுளிடம் இருப்பதாகச் சொல்கிறது. புத்தாண்டு ஆராதனையில் வழங்கும் வாக்குத்தத்த அட்டைகளில் பலரும் விரும்பும் வசனம் இது. அதற்கு முந்தைய வசனம் அட்டைகளில் இடம்பெறுவது அரிது. அந்த வசனத்தோடு சேர்த்துப் படிக்கும்போதுதான் வாக்குறுதியின் முழு எடையும் தெரிகிறது. மனித ஆயுள் எழுபது என்று 90-ஆம் சங்கீதம் கணக்கிடுகிறது. கடிதம் வாசிக்கப்பட்டதைக் கேட்ட வயதுவந்தவர் எவருக்கும் அதன் பொருள் விளங்காமல் இருந்திராது: திரும்பிப் போகும் கூட்டத்தில் அவர் இருக்கமாட்டார், அவருடைய பேரப்பிள்ளைகள் இருக்கலாம். நல்ல எதிர்காலம் ஒரு மக்களினத்துக்கு வாக்களிக்கப்பட்டது. தனி மனிதர் அந்த மக்களின் ஓர் உறுப்பாக அதை நம்ப அழைக்கப்பட்டார்.

கடிதத்துக்கு எதிர்ப்பும் வந்தது. பாபிலோனில் இருந்த செமாயா என்பவர் எருசலேம் ஆசாரியருக்குப் பதில் எழுதி, இன்னும் நெடுநாள் செல்லும் என்று சொல்லும் இந்த மனிதரை ஏன் கண்டிக்கவில்லை என்று கேட்டார். நீண்ட காத்திருப்பைச் சொல்பவர் நம்பிக்கையைக் குலைப்பவராகத் தெரிந்தார். உண்மையில் அந்தக் கடிதமே மக்களை வாழவைத்தது. இரண்டு ஆண்டுகளை நம்புகிறவர் வீடு கட்டமாட்டார், மரம் நடமாட்டார். மூன்றாம் ஆண்டில் அவரிடம் வீடும் இருக்காது, நம்பிக்கையும் இருக்காது. எழுபது ஆண்டுகளை ஏற்றுக்கொண்டவர் இன்றைய வேலையைச் செய்வார். மெசொப்பொத்தேமியாவில் ‘யூதா ஊர்’ என்று பெயர் பெற்ற ஒரு குடியிருப்பின் ஆவணங்கள் ஆப்பெழுத்துப் பலகைகளாகக் கிடைத்துள்ளன. கி.மு. 572 முதல் 477 வரையான அந்தப் பலகைகளில் நிலக் குத்தகை, வரி, கடன் போன்ற அன்றாட விவகாரங்கள் பதிவாகியுள்ளன. நாடு கடத்தப்பட்டவர்கள் உழுது வாழ்ந்தார்கள் என்பதற்கு அவை சாட்சி.

நிலம் வாங்கிய கைதி

சிதேக்கியாவின் பத்தாம் ஆட்சியாண்டில் பாபிலோன் படை எருசலேமை முற்றுகையிட்டிருந்தது. எரேமியா காவல் முற்றத்தில் அடைபட்டிருந்தார். அப்போது அவருடைய தந்தையின் சகோதரர் மகன் அனாமெயேல் வந்து, ஆனதோத்து ஊரில் உள்ள நிலத்தை வாங்கிக்கொள்ளும்படி கேட்டார். எதிரிப்படை நாட்டையே சூழ்ந்திருக்கையில் அந்த நிலத்துக்கு என்ன மதிப்பு? எரேமியா 17 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்தார். சாட்சிகள் முன் பத்திரம் எழுதி முத்திரையிட்டார். நெடுங்காலம் இருக்கும்படி அதை மண்பாண்டத்தில் வைக்குமாறு தம் எழுத்தர் பாருக்கிடம் ஒப்படைத்தார். அந்த நாட்டில் வீடும் நிலமும் மறுபடியும் வாங்கப்படும் என்பதே அந்தச் செயலின் செய்தி.

பத்திரம் எழுதி முடித்த பின் எரேமியா செய்த வேண்டுதலும் அதே அதிகாரத்தில் இருக்கிறது. நகரம் எதிரியின் கையில் விழப்போகும் வேளையில் நிலம் வாங்கச் சொன்னது ஏன் என்று அவர் கடவுளிடமே கேட்கிறார். கீழ்ப்படிதல் முதலில், விளக்கம் பிறகு. திகைப்பும் கேள்வியும் இருப்பதால் விசுவாசம் இல்லை என்று ஆகிவிடாது. 13-ஆம் சங்கீதம் ‘எதுவரைக்கும்’ என்ற கேள்வியை நான்கு முறை கேட்கிறது. 88-ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. இவற்றைத் திருச்சபை தன் வழிபாட்டு நூலிலிருந்து நீக்கவில்லை. புலம்பலும் காத்திருத்தலின் ஒரு மொழி.

கி.மு. 586-இல் எருசலேம் வீழ்ந்தது. மிஞ்சியவர்கள் எங்கே போவது என்று கடவுளிடம் கேட்டுச் சொல்லும்படி எரேமியாவை வேண்டினார்கள். எழுபது ஆண்டுகளை அறிவித்த அந்த மனிதர் இந்த ஒரு விடைக்காகப் பத்து நாள் காத்திருந்தார். விடை வந்தபோது அவர்கள் அதைக் கேட்காமல், அவரையும் இழுத்துக்கொண்டு எகிப்துக்குப் போனார்கள். அவர் மீண்டும் ஆனதோத்துக்குத் திரும்பியதாக விவிலியத்தில் எந்தக் குறிப்பும் இல்லை.

நிறைவேற்றம் வந்த விதம்

கி.மு. 539-இல் பாரசீக அரசர் கோரேசு பாபிலோனைப் பிடித்தார். அடுத்த ஆண்டில் யூதர்கள் திரும்பிச் சென்று ஆலயத்தைக் கட்ட அனுமதி கிடைத்தது. யூதரல்லாத, இஸ்ரவேலின் கடவுளை அறியாத ஓர் அரசர் கடவுளின் கருவியானார். புதிய ஆலயத்தின் அடித்தளம் போடப்பட்டபோது, பழைய ஆலயத்தைக் கண்டிருந்த முதியவர்கள் உரக்க அழுதார்கள். மற்றவர்கள் மகிழ்ந்து ஆர்ப்பரித்தார்கள். இரண்டு சத்தங்களையும் பிரித்தறிய முடியவில்லை என்று எஸ்றாவின் புத்தகம் பதிவு செய்கிறது. பின்னர் வேலை நின்றுபோனது. ஆகாய், சகரியா என்ற தீர்க்கதரிசிகள் மக்களை எழுப்பிய பிறகே, தரியு அரசரின் ஆறாம் ஆண்டில், ஆலயம் முடிந்தது. 586-இல் இடிந்த ஆலயம் ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கழித்து எழுந்தது.

நிறைவேற்றம் இங்கே ஒரே நாளில் வந்துவிடவில்லை. அனுமதி, பயணம், அடித்தளம், தடை, மறுதொடக்கம் என்று படிப்படியாக வந்தது. தானியேல் 9-ஆம் அதிகாரம் இன்னொன்றையும் காட்டுகிறது. எரேமியாவின் எழுத்துகளிலிருந்து எழுபது ஆண்டுகள் நிறைவடைவதை அறிந்த தானியேல், காலம் தானாக வந்துவிடும் என்று இருந்துவிடவில்லை. உபவாசித்து, சாம்பலில் அமர்ந்து, தம் மக்களின் பாவத்தை அறிக்கையிட்டு வேண்டினார். கடவுள் குறித்த வேளை மனிதரின் வேண்டுதலை வீணாக்குவதில்லை. அதற்கு ஊக்கம் தருகிறது.

தாமதத்தின் காரணம்

ஹிப்போ நகர ஆயர் அகுஸ்தீன் கி.பி. 400-ஐ ஒட்டி எழுதி முடித்த ‘அறிக்கைகள்’ நூலின் 11-ஆம் புத்தகத்தில், காலமும் படைக்கப்பட்ட ஒன்றே என்று விளக்கினார். கடவுளுக்கு நேற்று கழிந்துபோவதில்லை, நாளை வரவேண்டியிருப்பதுமில்லை. ஆகவே கடவுள் பிந்திவிட்டார் என்பது காலத்துக்குள் நிற்கும் மனிதரின் அளவை. இந்த விளக்கம் அறிவுக்குத் தெளிவு தரும். காத்திருப்பவரின் வேதனையை மட்டும் ஆற்றாது. காலத்துக்கு அப்பாற்பட்டவர் காலத்துக்குள் வந்தார் என்பதே கிறிஸ்தவ விசுவாசத்தின் மையம். இயேசு தம் ஊழியத்தைத் தொடங்கியபோது அவருக்கு ஏறக்குறைய 30 வயது. அதுவரை நாசரேத்தில் அறியப்படாதவராக வாழ்ந்தார். வனாந்தரத்தில் சோதனைக்காரன் உலக இராச்சியங்களை அந்தக் கணமே தருவதாகச் சொன்னான். சிலுவை இல்லாமல், காத்திருப்பு இல்லாமல் மகிமை என்பதே அந்தச் சோதனை. இயேசு அதை மறுத்தார்.

தாமதத்துக்குச் சில காரணங்களை விவிலியம் வெளிப்படையாகச் சொல்கிறது. ஆபிரகாமின் சந்ததி நானூறு ஆண்டு அந்நிய நாட்டில் இருக்கும் என்ற ஆதியாகமம் 15-ஆம் அதிகாரம், எமோரியரின் அக்கிரமம் இன்னும் நிறைவாகவில்லை என்பதைக் காரணமாகக் காட்டுகிறது. பேதுருவின் இரண்டாம் கடிதம், கிறிஸ்துவின் வருகை தள்ளிப்போவது எல்லாரும் மனந்திரும்ப வேண்டும் என்ற கடவுளின் பொறுமையால் என்கிறது. இரண்டு இடங்களிலும் ஒருவரின் காத்திருப்பில் வேறொருவருக்கான அவகாசம் அடங்கியிருக்கிறது. ஆனால் எல்லாத் தாமதத்துக்கும் காரணம் சொல்லப்படுவதில்லை. யோபுவிடம் கடவுள் பேசினார். அவருடைய துன்பத்தின் காரணத்தை மட்டும் சொல்லவில்லை. காரணத்தைத் தாங்களாகவே விளக்கிய நண்பர்களைக் கடவுள் கடிந்துகொண்டார். பிறருடைய தாமதத்துக்குக் காரணம் கண்டுபிடித்துச் சொல்பவர்கள் இதை நினைவில் கொள்ளவேண்டும்.

அவசரமும் சோம்பலும்

கடவுளின் வேளையை முந்திக்கொள்ளும் முயற்சி பெரும்பாலும் அருகில் இருப்பவரைக் காயப்படுத்துகிறது. சாராளின் யோசனைப்படி ஆபிரகாம் ஆகாரைச் சேர்த்துக்கொண்டார். 86 வயதில் இஸ்மவேல் பிறந்தான். அந்த அவசரத்தின் விலையைக் கொடுத்தவர் அடிமைப் பெண்ணான ஆகார். அவரும் அவர் பிள்ளையும் வனாந்தரத்துக்கு அனுப்பப்பட்டார்கள். கில்காலில் சவுல் ஏழு நாள் காத்திருந்தும் சாமுவேல் வராததால், படை கலைந்துபோகும் என்று அஞ்சித் தாமே பலியிட்டார். அவர் செலுத்தி முடித்ததும் சாமுவேல் வந்தார். இதற்கு மாறாக, எங்கேதிக் குகையில் சவுலைக் கொல்லும் வாய்ப்பு தாவீதுக்குக் கிடைத்தது. கடவுள் தந்த தருணம் இதுவே என்று உடனிருந்தவர்கள் சொன்னார்கள். தாவீது ஏற்கவில்லை. வாய்ப்பு திறந்திருப்பது ஒன்றே கடவுளின் அனுமதி ஆகிவிடாது. வழியும் நேர்மையாக இருக்கவேண்டும்.

மறுபுறம், காத்திருத்தல் சோம்பலுக்கோ அநீதிக்கோ போர்வையாகவும் கூடாது. கிறிஸ்துவின் வருகை நெருங்கிவிட்டது என்ற பேச்சால் கலங்கியிருந்த தெசலோனிக்கே சபையில் சிலர் வேலை செய்யாமல் திரிந்தார்கள். அமைதியாக உழைத்துத் தங்கள் சொந்த உணவை உண்ணும்படி பவுல் அவர்களுக்குக் கட்டளையிட்டார். 1963 ஏப்ரலில் அமெரிக்காவின் பர்மிங்காம் நகரில் நிறவெறிக்கு எதிரான போராட்டம் வேளை அறியாதது என்று வெள்ளையினச் சமயத் தலைவர்கள் எட்டுப் பேர் குறை கூறினார்கள். சிறையிலிருந்து மார்ட்டின் லூதர் கிங் எழுதிய பதில், ஒடுக்கப்பட்டவர்களைக் காத்திருக்கச் சொல்வது நீதியை மறுப்பதே ஆகும் என்று வாதிட்டது. பொறுமை ஒருவர் தம் வாழ்வில் கடவுள்முன் ஏற்றுக்கொள்ளும் நற்பண்பு. பிறர் உரிமையைத் தள்ளிப்போட அதைக் கருவியாக்குவது கடவுளின் பெயரை வீணில் வழங்குவதாகும். பசித்தவருக்கு உணவும், நோயாளிக்கு மருத்துவமும், அடிபடும் பெண்ணுக்குப் பாதுகாப்பும் தருவதற்குக் கடவுளின் வேளை எப்போதும் இன்றே.

கேட்டது கிடைக்காதபோது

எல்லாக் காத்திருப்பும் கேட்ட வடிவில் முடிவதில்லை. தம் உடலில் இருந்த முள் நீங்கும்படி பவுல் மூன்று முறை வேண்டினார். முள் நீங்கவில்லை, கிருபை போதும் என்ற விடை வந்தது. கெத்செமனேயில் நீங்கும்படி இயேசு வேண்டிய துன்பப் பாத்திரம் அவரை விட்டு விலகவில்லை. எபிரெயர் 11-ஆம் அதிகாரம் விசுவாச வீரரை வரிசைப்படுத்திவிட்டு, அவர்கள் வாக்களிக்கப்பட்டதைப் பெறாமலே இறந்தார்கள் என்று ஒளிக்காமல் சொல்கிறது.

ஜெர்மானிய இறையியலாளர் டீட்ரிக் போன்ஹோஃபர் இதற்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு. 1943 ஜனவரியில் அவருக்கும் மரியா ஃபான் வெடமையருக்கும் திருமண நிச்சயம் நடந்தது. ஏப்ரலில் ஹிட்லரின் அரசு அவரைக் கைது செய்தது. பெர்லினின் டேகல் சிறையிலிருந்து அந்த ஆகஸ்டில் மரியாவுக்கு எழுதிய கடிதத்தில், எரேமியா நிலம் வாங்கிய அதிகாரத்தை அவர் நினைவுகூர்ந்து, தங்கள் திருமணத்தையும் அந்த நம்பிக்கையோடு இணைத்தார். திருமணம் நடக்கவில்லை. 1945 ஏப்ரல் 9 அன்று ஃப்ளோசன்பூர்க் முகாமில் அவர் தூக்கிலிடப்பட்டார். சிறையில் அவர் எழுதிய கடிதங்களும் குறிப்புகளும் 20-ஆம் நூற்றாண்டின் கிறிஸ்தவச் சிந்தனையை ஆழமாகப் பாதித்தன. அவர் நம்பிக்கை ஏமாற்றத்தில் முடிந்ததா? ‘இல்லை’ என்று கிறிஸ்தவ விசுவாசம் சொல்வதற்கு ஒரே ஆதாரம் கிறிஸ்துவின் உயிர்த்தெழுதல். பெரிய வெள்ளிக்கும் ஞாயிற்றுக்கும் நடுவில் ஒரு சனிக்கிழமை உண்டு. சீடருக்கு அன்று கல்லறை மட்டுமே தெரிந்தது. மரணத்தின் மறுபுறத்திலும் கடவுள் தம் வாக்கைக் காக்க வல்லவர் என்ற நம்பிக்கை இல்லாவிட்டால், இந்த உலக வாழ்வுக்குள் எல்லாக் கணக்கும் தீர்ந்தாகவேண்டும் என்ற நெருக்கடி வந்துவிடும்.

திருச்சபை ஆண்டின் தொடக்கத்திலேயே காத்திருத்தலின் பயிற்சியை வைத்திருக்கிறது. கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளைக் கொண்ட திருவருகைக் காலத்தில், முதல் வருகைக்காகக் காத்திருந்த இஸ்ரவேலை நினைத்து, இரண்டாம் வருகைக்காகக் காத்திருக்கும் சபை தன்னை ஆயத்தப்படுத்துகிறது. காத்திருத்தல் தனி மனிதரின் துரதிர்ஷ்டம் அல்ல என்பதையும், அது முழுச் சபையின் நிலை என்பதையும் இந்தக் காலம் ஆண்டுதோறும் கற்பிக்கிறது.

ஆகவே கடவுளின் வேளையை நம்புவது என்பது கேட்டது கேட்ட நாளில் வரும் என்ற உறுதிமொழி அல்ல. தாமதித்தால் பெரிதாக வரும் என்ற பேரமும் அல்ல. வாக்களித்தவர் உண்மையுள்ளவர் என்று நம்பி, இன்று கையில் உள்ள கடமையைச் செய்வதே அது. காத்திருக்கும் ஒருவருக்குத் தேதி குறித்துக் கொடுக்க எவருக்கும் உரிமையில்லை. அவருடன் அமர்ந்து வேண்டவும், அவர் புலம்பலைத் தடுக்காமல் கேட்கவும், அவர் வீட்டைக் கட்டவும் மரத்தை நடவும் கைகொடுக்கவும் சபையார் ஒவ்வொருவருக்கும் கடமை உண்டு.